ஏணி எங்கே குறுகுகிறது?

அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். ஆனால் ஒரு வட்டாரத்தின் பள்ளிகள் அனைத்தையும் நிர்வகிக்கும் சூப்பரின்டென்டென்ட் பதவியில், 2020-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, பெண்கள் சுமார் 27 விழுக்காடுதான். நம் ஊர் முதன்மைக் கல்வி அலுவலரைப் போன்ற பொறுப்பு அது. அங்கே ஆளை நியமிப்பது பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம். குறை பெண்களின் திறமையில் இல்லை, அந்தப் பதவிக்கு ஏறும் வழியில்தான் இருக்கிறது.

வாரியங்கள் வழக்கமாகத் தேடுவது உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களை. பெரிய பட்ஜெட், மாலை நேர விளையாட்டுப் போட்டிகள் என ஊர் கண்ணில் படும் வேலை அது. 2017-18 கணக்கில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களில் மூன்றில் இருவர் பெண்கள். உயர்நிலைப் பள்ளிகளிலோ மூன்றில் ஒருவர். ஆறு வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டத் திணறுவது ஏன் என்று கண்டுபிடிப்பதும், துணைக்கு ஆளில்லாமல் ஒரு பள்ளியையே நடத்துவதும் நிர்வாகத் திறமைதான். அது தேர்வுக் குழுவின் கண்ணில் படுவதில்லை.

காலப்போக்கில் தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1930 வாக்கில் இப்பதவியில் பத்தில் ஒருவர் பெண். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு உதவியில் படித்த முன்னாள் வீரர்கள் பள்ளி நிர்வாகத்துக்கு வந்தார்கள்; சிறு வட்டாரங்கள் இணைக்கப்பட்டு, பெண்கள் வகித்த பதவிகள் பல மறைந்தன. 1980-களின் தொடக்கத்தில் பெண்கள் ஒரு விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கிப்போனார்கள். தானாக வந்த முன்னேற்றமாக இருந்தால் இப்படிப் பின்னோக்கிப் போயிருக்காது.

பெண்களே விரும்புவதில்லை, குடும்பம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இரவு நீளும் வாரியக் கூட்டங்கள் சுமைதான். ஆனால் வீட்டுப் பொறுப்பு பெண்ணுக்கே உரியது என்று விதித்துவிட்டு, அதையே அவளுக்கு ஆசையில்லை என்பதற்குச் சான்றாக்குவது நியாயமல்ல. கூட்ட நேரத்தை மாற்றலாம். நிதி நிர்வாகப் பயிற்சியைத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் தரலாம். தகுதிப் பட்டியலில் கற்பித்தல் அறிவுக்கு முதலிடம் தரலாம்.

இது நடக்காத காரியமல்ல. 1909-இல் சிகாகோ பள்ளிகளின் தலைமையை ஏற்று, பெருநகரம் ஒன்றில் அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணான எல்லா ஃபிளாக் யங், அதற்கு முன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். 1913-இல் வாரியம் அவரை நீக்கியபோது நகரத்துப் பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள்; அதே மாதத்தில் பதவி திரும்பக் கிடைத்தது. கற்பிக்கத் தெரிந்தவர் தலைமை தாங்கலாம் என்று சிகாகோ அன்றே ஏற்றுக்கொண்டது. மற்ற வாரியங்களும் ஏற்கட்டும்.