கணினியும் ஒரு பவர்டேபிள்தான்

திருப்பூர் வட்டாரப் பங்குகளில் வீடு சந்திக்கச் செல்லும்போது பெற்றோரிடம் புதுவகைக் கவலையொன்றை இப்பொழுது அடிக்கடி கேட்கின்றோம். "சாமி, பையன் படிச்சுப்போட்டு வீட்டுலயே கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கறானுங்க. கேட்டா வெப் டிசைன்ங்கறான். கம்பெனிக்கும் போறதில்லைங்க. இதெல்லாம் ஒரு வேலைங்களா?"

வேலைதான். அதிலும் திருப்பூருக்குச் சற்றும் புதிதல்லாத வேலைமுறை. பெரிய ஆலைகள் சிலவற்றை விட்டால், ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் உருவாவது இவ்வூரில் அரிது. நூலைத் துணியாகப் பின்னுபவர் ஒருவர், சாயமிடுபவர் மற்றொருவர். காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவில் நடைபெறுகின்றது. வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பவர்கள் பவர்டேபிள்காரர்கள். காஜா பட்டனை மட்டுமே நம்பி வாழும் குடும்பங்களும் உண்டு. பார்ட்டி பிடித்து, ஜாப் ஒர்க் செய்து, பில் போட்டுப் பிழைக்கும் இச்சிறு முதலாளிகளின் வரிசையில், எவரிடமும் சம்பளத்துக்குச் சேராமல் இணையதளம் அமைத்துத் தரும் இளைஞனும் ஒருவனே. அவனுடைய தையல் இயந்திரம் கணினி, அவ்வளவே வேறுபாடு.

ஆனால் பார்ட்டி எங்கிருந்து கிடைக்கும்? திருத்தூதர் பணிகள் நூலின் 18-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போம். புனித சின்னப்பர் கொரிந்து நகருக்கு வந்தபோது அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரின் வீட்டில் தங்கி வேலை செய்தார். அவர்களும் கூடாரம் செய்பவர்கள், இவரும் கூடாரம் செய்பவர் என்பதே காரணம். ஒரே தொழில் அறிந்தவர்களுக்கிடையே கதவு எளிதில் திறக்கின்றது. நம் பிள்ளைகள் பலர் இதற்கு நேர்மாறாக நடக்கின்றனர். தந்தை கட்டிங் மாஸ்டர். மகனோ இரவெல்லாம் விழித்திருந்து, எங்கோ கனடாவிலுள்ள பல் மருத்துவருக்கு இணையதளம் செய்து தர விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றான். அது தவறன்று, ஆயினும் அங்கே அவன் ஆயிரத்தில் ஒருவன். இங்கோ அவனுக்கு இணையாகத் தொழில் அறிந்தவர் சிலரே.

1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டீ ஷர்ட் வாங்கத் திருப்பூர் வந்தார். பின்னர் சி அண்டு ஏ போன்ற ஐரோப்பியக் கடைகளும் வந்தன. அன்று வாங்குபவர் நேரில் வந்து பார்த்தார். இன்று ரயிலடியில் இறங்குமுன்பே, தம் மேசையிலிருந்தவாறே நம் தொழிற்கூடத்தைத் தேடிப் பார்த்துவிடுகின்றார். 2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, அந்நாட்டை நம்பியிருந்த நிறுவனங்கள் பிறநாடுகளில் புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. அவ்வாறு தேடுகின்ற முதலாளிக்கு நல்ல இணையதளம் அலங்காரமன்று, அவசியம்.

ஆனால் இருக்கின்ற தளங்களைப் பாருங்கள்! எங்கிருந்தோ எடுத்தொட்டிய வெள்ளைக்கார அழகியரின் படமும், 'நாங்களே முன்னணி நிறுவனம்' என்னும் முழக்கமுமே மிகுதி. வாங்குபவர் அறிய விரும்புவது வேறு. சிங்கிள் ஜெர்சியா, இன்டர்லாக்கா, ரிப்பா? எத்தனை ஜி.எஸ்.எம்.? இயந்திரங்கள் எத்தனை? குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு? ஜி.ஓ.டி.எஸ்., ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் எந்நாள்வரை செல்லும்? சாயக்கழிவு எங்கே போகின்றது? நொய்யல் மாசடைந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை அயல்நாட்டாரும் அறிவர். இக்கேள்விகளைச் சோற்றுத்தட்டின் முன் தந்தை பேசக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் பெரிய கம்பெனிக்கு இவை தோன்றுவதில்லை. முதலாளியிடம் இவற்றைக் கேட்டு, உள்ளே நடந்து, உண்மையான இயந்திரங்களைப் படமெடுப்பவனுக்கு வேலை கிடைக்கும்.

எடுத்த எடுப்பில் பெரும் ஏற்றுமதியாளரின் வாயிலில் நிற்க வேண்டாம். லேபிள் தயாரிப்பவர், பிரிண்டிங் பட்டறை, உதிரிப்பாகக் கடை ஆகியோரிடம் தொடங்கலாம். கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராயிருக்கும் இளைஞர்களின் நட்பு பெரிதும் உதவும். அவர்கள் அடிக்கடி கம்பெனி மாறுவார்கள். போகுமிடமெல்லாம் நல்ல வேலைக்காரனின் பெயரையும் கொண்டு செல்வார்கள். இந்தியா நிட் ஃபேர் வளாகத்தில் கண்காட்சி நடக்கும் நாள்களில், காசு செலவின்றி ஒரே நாளில் ஐம்பது பேரைச் சந்திக்கலாம். திருமணமாகி வீட்டிலிருக்கும் பெண்மக்களுக்கும் இத்தொழில் ஏற்றதே. 'நம்ம பிள்ளைதானே' என்று இலவசமாகக் கேட்பார் பலர். பங்குத்தந்தையே கேட்டாலும் கூலி சொல்லத் தயங்க வேண்டாம்.

தளத்தின் முகவரியைப் பார்ட்டியின் பெயரிலேயே பதிவு செய்க. தன் பெயரில் வைத்துக்கொண்டு பின்னர் பிணைக்கைதியாக்குவோர் உண்டு. அது களவுக்கு அடுத்த வீடு. ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று சிறு கட்டணம் பேசிக்கொண்டால், இருபது பார்ட்டி சேரும்போது வீட்டுச் செலவுக்கு நிலையான வரவு ஒன்று ஏற்படும். வேலை பெருகி உதவிக்கு ஒருவரை வைக்கும் நாளில், அவருக்குரிய பங்கு, 'பார்ட்டி இன்னும் தரவில்லை' என்னும் சொல்லுக்காகக் காத்திருக்கலாகாது.

இனிப் பணம். இவ்வூரில் வேலை பிடிப்பதைவிட அரிது பணத்தைப் பிடிப்பது. சாம்பிள், அப்ரூவல், ஷிப்மென்ட் என்று நம் ஊர் அறிந்த மூன்று படிகளிலேயே தொகையையும் பிரித்து, எழுத்தில் பேசிக்கொள்ளுதல் நலம். கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டுமென்பது மோயீசன் சட்டம். நம் நாட்டுச் சட்டம் சற்றுத் தாராளமாகத் தவணை தருகின்றது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாள்களுக்குள்ளும், இல்லையேல் 15 நாள்களுக்குள்ளும் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். அதற்கென மாநில அரசு அமைத்துள்ள மன்றத்தில் முறையிடலாம். 2023-24 நிதியாண்டு முதல், இத்தகைய சிறு தொழிலாளர்க்குக் காலங்கடத்தித் தரும் தொகையை, உண்மையில் தரும் ஆண்டுவரை வருமான வரிக்கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. ஆகவே மார்ச் மாதத்தில் கணக்கரே முதலாளிக்கு நினைவூட்டுவார்.

இப்பாதுகாப்புக்கு உத்யம் பதிவு வேண்டும். முதல் பில் போடுமுன் செய்துகொள்வது நல்லது. ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் ஏதுமில்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்களும் உலவுகின்றன. இணையதளம் செய்பவனுக்கு அவற்றை இனங்காண்பது கடினமாயிராது.