கூடை எங்கே தொங்கும்?

சிறுவர்க்கு நூல் எழுதுவோனுக்கு வாய்க்கும் பேறுகளுள் தலையாயது எது என்று என்னைக் கேட்போர் உண்டு. பரிசிலன்று, மதிப்புரையுமன்று. தன் நூலைப் படிக்கும் பிள்ளைகளின் வகுப்பறையில் ஒரு முற்பகல் நிற்பதே என்பேன். அவ்வின்பத்தோடு சிறிது நாணமும் கலந்து வந்த ஒரு நாளைப் பற்றி இங்கு எழுதுகின்றேன்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்குப் பஸ் ஏறினேன். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தே சரிவெங்கும் தேயிலை. இடையிடையே நீண்ட லயங்கள். அங்குள்ள பாடசாலையொன்றில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்தனர்.

கொழுந்து பறிக்கும் தாயொருத்தியைப் பற்றிய என் கதையை வாசித்து, படத்தையும் உயர்த்திக் காட்டினேன். பின்வாங்கில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. காரணம் கேட்டேன். சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், எங்க அம்மா கூடைய இடுப்புல வைக்கமாட்டாங்க. தலையில கயித்த மாட்டி முதுகில போடுவாங்க."

சொன்னதோடு நில்லாமல், தன் புத்தகப் பையின் பட்டியை உச்சந்தலையில் மாட்டி, பையை முதுகிலே தொங்கவிட்டு, இரு கைகளாலும் காற்றிலே கொழுந்து பறித்துக் காட்டினாள். வகுப்பு முழுதும் ஆசிரியராகிவிட்டது. பறிப்பது கைநிறைந்த இலையன்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமே என்றான் ஒருவன். நான் 'களஞ்சியம்' என்றெழுதிய இடத்தைக் 'கொழுந்து மடுவம்' என்று திருத்தினாள் மற்றொருத்தி. இடுப்பிலே கட்டும் படங்கை நான் அடியோடு மறந்திருந்தேன்!

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடியபோது, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தம் முற்றத்தையே பாட்டிற் கண்டனர். மலையகத்தின் துயரை சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்திலும் தமிழிலும் உலகறியச் செய்தார். ஆயின் அவர் எழுதியது பெரும்பாலும் பெரியோர்க்கே. 1945 இல் வந்த இலவசக் கல்வியும் தோட்டத்துப் பிள்ளைகளை உரிய காலத்தில் எட்டவில்லை. 1977 முதலே தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கலாயிற்று. இத்துணைக் காலம் காத்திருந்த பிள்ளைகளின் கையிலே, தம் தாயைத் தாமே அடையாளங் காணவியலாத படத்தையா நான் கொடுப்பது?

விடைபெறும் வேளையில் அச்சிறுமி மீண்டும் வந்தாள்.

"சேர், இந்தப் புத்தகத்த எங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும். அவங்களுக்கு வாசிக்க வராது. படத்தத் திருத்தித் தருவீங்களா?"

என் பென்சிலை அவளிடமே கொடுத்தேன். இடுப்புக் கூடையைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள், முதுகிலே புதுக் கூடை வரைந்தாள், கயிற்றைத் தலைவரை இழுத்தாள், படங்கையும் கட்டிவிட்டாள். பிறகு புத்தகத்தை மழைக்கு நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு லயத்தை நோக்கி ஓடினாள்.

ஆசிரியப் பெருமக்களே, எழுத்தாளரை உங்கள் பாடசாலைக்கு அழையுங்கள். மாலையும் பொன்னாடையும் வேண்டா. அவர் எழுதியதைப் பிள்ளைகள் திருத்துவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், போதும். என் நூலின் அடுத்த பதிப்பில் கூடை முதுகிலேதான் தொங்கும்.