கம்பியில்லா வலையமைப்பில் அலைக்கற்றைக் கண்காணிப்பு

கம்பியில்லா உள்ளூர் வலையமைப்பில் அலைக்கற்றைக் கண்காணிப்பு என்பது, வைஃபை கருவிகள் தத்தம் இடத்தில் உள்ள நெரிசலையும் இரைச்சலையும் பிற சமிக்ஞைகளையும் அளந்து அணுகல் புள்ளிக்கு அறிக்கையாகத் தெரிவிக்கும் முறையாகும். இதற்கான விதிகள் ஐஇஇஇ 802.11எச் (2003), 802.11கே (2008) ஆகிய திருத்தங்களில் வகுக்கப்பட்டன.

அணுகல் புள்ளி தானே அளந்துகொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கரும்பலகை அருகே நிற்கும் ஆசிரியருக்குக் கடைசி வரிசைப் பேச்சு கேட்காதது போல, கூடத்தின் மூலையில் உள்ள கைபேசியைத் தொல்லைப்படுத்தும் அண்டை வலையமைப்பு அணுகல் புள்ளிக்குக் கேட்காமலே போகலாம்.

ஆனால் கைபேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையை மட்டுமே கேட்கும். வேறொன்றை அளக்கப் போனால் அந்த நேரத்தில் தன் தரவைப் பெற முடியாது. அணுகல் புள்ளிகள் தம் இருப்பை அறிவிக்கும் சட்டகத்தை வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்புகின்றன. ஆகவே வெறுமனே கேட்டு அறிய வேண்டுமானால், ஒவ்வோர் அலைவரிசையிலும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். இருபது அலைவரிசைகளுக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆகிவிடும், மின்கலமும் கரையும்.

இந்தச் செலவைக் குறைக்க 802.11கே சில வழிகளைத் தருகிறது. புதிதாக அளக்காமல், முன்பே சேமித்த அட்டவணையை மட்டும் அனுப்பும்படி கேட்கலாம். குறித்த எல்லையைச் சமிக்ஞை தாண்டினால் மட்டும் தெரிவி என்று நிபந்தனை விதிக்கலாம். அலைவரிசை எவ்வளவு நேரம் பரபரப்பாக இருந்தது என்பது 0 முதல் 255 வரையிலான ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. 128 என்றால் ஏறக்குறைய பாதி நேரம். கோரிக்கையை மறுக்கும் உரிமையும் கைபேசிக்கு உண்டு.

802.11எச் அறிக்கையில் ரேடார் தென்பட்டதா என்பதற்கென்றே ஓர் இருமம் ஒதுக்கப்பட்டுள்ளது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதியை ரேடார்களும் பயன்படுத்துவதே காரணம். அங்கே ஒளிபரப்பத் தொடங்குமுன் அணுகல் புள்ளி 60 நொடி கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார்களுக்குரிய 5600–5650 மெகாஹெர்ட்ஸில் 10 நிமிடம். ரேடார் தென்பட்டால் 10 நொடிக்குள் விலகி, 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது.

இது வெறும் சம்பிரதாயம் அன்று. 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவானில், விமானநிலைய வானிலை ரேடாரில் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறக் கருவிகளின் குறுக்கீடு கண்டறியப்பட்டது. விமானம் ஏறி இறங்கும்போது ஆபத்தாகும் திடீர்க் காற்று மாற்றத்தைக் காட்டும் ரேடார் அது. கண்டறியும் வசதியைப் பயனர் முடக்கிவிடாதபடி மென்பொருளைப் பாதுகாக்குமாறு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2014இல் தயாரிப்பாளர்களுக்கு விதித்தது.