ஒட்டகச்சிவிங்கியின் சுற்றுவழி நரம்பு

ஒட்டகச்சிவிங்கியின் மூளைக்கும் குரல்வளைக்கும் இடையே ஒரு முழத் தொலைவுகூட இல்லை. ஆயினும், குரல்வளையை இயக்கும் இடப்புற நரம்பு நேரே அங்குச் செல்வதில்லை. அது நீண்ட கழுத்தின் வழியே மார்புக்குள் இறங்கி, இதயத்தருகே பெருந்தமனியை வளைத்து, மீண்டும் கழுத்தின் வழியே மேலேறுகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்! இதன் நீளம் ஏறத்தாழ 4 மீட்டர்.

கடிகாரத்தைச் செய்தவர் ஒருவர் இருப்பதுபோல், உயிரினங்களின் உறுப்புகளையும் வடிவமைத்தவர் ஒருவர் உண்டு என்று இங்கிலாந்துச் சமயகுரு வில்லியம் பேலி 1802-இல் வாதிட்டார். அவருடைய நூல்களை மாணவப் பருவத்தில் விரும்பிக் கற்ற சார்லஸ் டார்வினே 1859-இல் வேறு விளக்கம் தந்தார். உயிரினங்கள் இயற்கைத் தேர்வினால் சிறிது சிறிதாக மாறிவந்தன என்றார்.

மீனுக்குக் கழுத்து இல்லை. அதன் உடலில் இந்நரம்பின் மூலக்கிளை, செவுளின் இரத்தக்குழாயை ஒட்டி நேராகவே செல்கிறது. மீன் போன்ற மூதாதையரின் வழிவந்த விலங்குகளில் கழுத்து நீண்டது; இதயம் கீழிறங்கியது. குழாயின் கீழ் அகப்பட்ட நரம்பும் உடன் இழுபட்டு நீண்டது.

வடிவமைப்புக் கொள்கையினர் இதனை ஏற்பதில்லை. அந்நரம்பு செல்லும் வழியில் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் கிளைகள் தருகிறதே என்பர். அஃது உண்மையே. ஆனால் மனிதருள் மிகச் சிலருக்கு வலப்புற நரம்பு மார்புவரை இறங்காமல் நேரே குரல்வளையை அடைகிறது. அவர்களும் இயல்பாகவே பேசுகின்றனர்.

இவ்வாதம் பள்ளிக்கூடத்தையும் எட்டியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் நகரில், உயிரியல் வகுப்பில் வடிவமைப்புக் கொள்கையைப் புகுத்தியதை எதிர்த்துப் பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். அக்கொள்கை அறிவியல் அன்று என 2005 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.