உயரம் குறைவா? டூரிங் பைக் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



வழக்கமா எஸ்ஐபி, வருமான வரி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு பைக். டூ-வீலர் லோன் பத்தி நான் போட்ட வீடியோவுக்குக் கீழே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "சார், நான் 5 அடி 2 அங்குலம். லாங் ரைடு போக எந்த பைக் வாங்கலாம்? உயரமான பைக்கை வாங்கிட்டு அப்புறமா இறக்கிக்கலாமா?"

என் உயரம் 5 அடி 3 அங்குலம். "வாங்கிட்டு இறக்கிக்கலாம்"னு நினைச்சு ஏமாந்தவன் நானே. அந்தப் பாடத்துக்கு நான் கட்டின ஃபீஸ் ₹1,08,300. எப்படின்னு சொல்றேன்.

என் நஷ்டக் கணக்கு

835 மி.மீ. சீட் உயரம் உள்ள ஒரு அட்வென்ச்சர் பைக், ஆன்ரோடு ₹2,65,000. ஷோரூம் தரை சமமா இருந்தது, ரெண்டு கால் நுனியும் எட்டுச்சு. "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்"னாங்க. நானும் நம்பினேன். "எனக்கு எட்டலை"ன்னு சொல்ல வெட்கமா இருந்ததும் ஒரு காரணம்.

மூணாவது வாரம் மனைவியோட ஏற்காடு. வளைவுல எல்லாம் பிரச்சனை இல்லை. மேலே ஒரு டீக்கடை முன்னாடி நிறுத்தும்போது, இடது கால் வைக்க வேண்டிய இடத்துல ரோட்டோரம் பள்ளம். கால் தேடுச்சு, தரை கிடைக்கலை. நின்ன இடத்துலேயே வண்டியோட சாய்ஞ்சோம். மனைவிக்கு மணிக்கட்டுல எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. வேகம் பூஜ்யம்!

அப்புறம் சீட் ஃபோம் வெட்டினது ₹1,800. லோயரிங் லிங்க் ₹6,500. லிங்க் மாத்தினவர் சைடு ஸ்டாண்டைக் குறைக்கலை. வண்டி இறங்கினதும் ஸ்டாண்டு நீளமாயிடுச்சு, வண்டி கிட்டத்தட்ட நேரா நின்னு, பார்க்கிங்ல வலது பக்கம் விழுந்தது. ரெண்டு விழுதலுக்கும் ரிப்பேர் ₹9,200, ஸ்டாண்டை வெட்டி வெல்டு வைக்க ₹800. 14 மாசத்துல ₹1,75,000-க்கு வித்தேன். விலையில் ₹90,000, மாற்றங்களிலும் ரிப்பேரிலும் ₹18,300. ஆஸ்பத்திரி பில் இதுல சேர்க்கலை.

பைக்கை ஓட்டி அது தேய்ஞ்சிருந்தா அது தேய்மானம். எனக்குப் பொருந்தாத பைக்கை வாங்கி வித்தது சுத்த நஷ்டம்.

முதல்ல உங்க காலை அளங்க

நம்ம மொத்த உயரம் இங்கே பெரிசா உதவாது. ஒரே உயரத்துல உள்ள ரெண்டு பேருக்குக் கால் நீளம் வேற வேற. ரைடிங் ஷூ போட்டுக்கிட்டு சுவரை ஒட்டி நில்லுங்க. ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவுல, சீட்ல உட்கார்ந்த மாதிரி அழுத்தி மேலே ஏத்துங்க. தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரைக்கும் எவ்வளவு? எனக்கு 74 செ.மீ. இதுதான் உங்க அடிப்படை எண்.

இனி பைக்கில் மூணு விஷயம் பாருங்க.

1. சீட் உயரம்: இது ஆள் உட்காராதபோது எடுத்த அளவு. உட்கார்ந்தா சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும்.

2. சீட் அகலம்: இதை பிரவுச்சர்ல போட மாட்டாங்க. தொடை இடுக்கில் சீட் அகலமா இருந்தா கால் வெளியே விரிஞ்சு, எட்டுற தூரம் குறையும். அதனால ஒல்லியான சீட் உள்ள 800 மி.மீ. வண்டி, அகலமான சீட் உள்ள 780 மி.மீ. வண்டியை விட சுலபமா எட்டலாம்.

3. எடை: கால் எட்டலைன்னாலும் எடை குறைவா இருந்தா தாங்கிப் பிடிச்சுடலாம். உதாரணம் பாருங்க. பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220: 737 மி.மீ., 163 கிலோ. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350: 765 மி.மீ., 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 650: வெறும் 740 மி.மீ., ஆனா 241 கிலோ. சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்: 835 மி.மீ., 167 கிலோ. ஹிமாலயன் 450: 825 மி.மீ., 196 கிலோ. சீட் உயரத்தை மட்டும் பார்த்து 740-ஐ எடுத்தா, சரிவான பார்க்கிங்கிலிருந்து 241 கிலோவைப் பின்னாடி தள்ளும்போது புரியும்.

நான் இப்போ வெச்சுக்கிட்ட விதி: ரெண்டு காலின் முன்பாதமோ, இல்லைன்னா ஒரு காலின் முழுப் பாதமோ தரையில் அழுந்தணும். கால் விரல் நுனி மட்டும் எட்டினா, பின்னாடி ஆளும் லக்கேஜும் வெச்சு டூர் போற எனக்கு அந்த பைக் வேண்டாம்.

ஷோரூம்ல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து முடிவு பண்ணாதீங்க. ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. சட்டப்படியான வாடகை பைக்கில் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். டேங்க் ஃபுல் பண்ணுங்க. 17 லிட்டர்னா பெட்ரோல் மட்டுமே 12 கிலோவுக்கு மேல. பின்னாடி ஆளை ஏத்தி, சரிவுல நிறுத்தி, யூ-டர்ன் போட்டுப் பாருங்க. அந்த வாடகைதான் நீங்க செலவு பண்றதுலயே மலிவான இன்சூரன்ஸ்.

வரியில் நமக்கு ஒரு நல்ல செய்தி

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரைக்கும் ஜிஎஸ்டி 18%, அதுக்கு மேல 40%. வரிக்கு முன் விலை ₹2,00,000-ன்னு வெச்சுக்குங்க. ஒண்ணு ₹2,36,000, இன்னொண்ணு ₹2,80,000. வித்தியாசம் ₹44,000. தமிழ்நாட்டில் ₹1 லட்சத்துக்கு மேற்பட்ட புது பைக்குக்கு வாழ்நாள் வரி 12%. விலை ஏறினா அதுவும் ஏறும்.

இன்சூரன்ஸும் இப்படித்தான். 2022 ஜூன்ல அமலுக்கு வந்த கட்டணப்படி புது பைக்குக்கு 5 வருஷ தேர்டு பார்ட்டி பிரீமியம், 150-350 சி.சி.க்கு ₹7,365, 350-க்கு மேல ₹15,117. ஜிஎஸ்டி தனி.

அவெஞ்சர், மீட்டியோர் 350 மாதிரி கால் எட்டுற பைக்குகள் 350 சி.சி.க்குள்ளேயே இருக்கு. மிச்சமாகுற பணத்துல நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ வாங்கலாம்.

மாற்றம் பண்ணியே ஆகணும்னா, இந்த வரிசையில்

"எனக்கு ஹிமாலயன்தான் வேணும்" என்பவர்களுக்கு: குறைஞ்ச செலவும், பழையபடி மாத்தக்கூடியதும் முதல்ல வரணும்.

- பழக்கம் (செலவு இல்லை): இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி இடது காலை மட்டும் முழுசா ஊன்றி, வலது கால் பின் பிரேக்கில். நிறுத்துறதுக்கு முன்னாடியே தரையைப் பாருங்க. முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்த மாதிரி பார்க் பண்ணாதீங்க, பின்னாடி தள்ள முடியாது.

- ஷூ: தடிமனான சோல் உள்ள ரைடிங் ஷூ 2 செ.மீ. கிட்ட தரும். பைக்கை வித்தாலும் ஷூ உங்களோடதான்.

- கம்பெனி லோ சீட்: ஹிமாலயன் 450-க்கு 805 மி.மீ. வரை இறங்குற சீட் கம்பெனியே தருது. வாங்கும்போதே கேளுங்க. ஒரிஜினல் சீட்டைப் பத்திரமா வைங்க, விற்கும்போது வேணும்.

- சீட் ஃபோம் வெட்டுறது: ரொம்ப வெட்டினா 100 கி.மீ.ல இடுப்பு சொல்லும். உயரத்தைக் குறைக்கறதை விட, முன்பக்க ஓரங்களைச் சரிச்சு ஒல்லியாக்கச் சொல்லுங்க. பலன் அதிகம், வலி குறைவு.

- ப்ரீலோடு குறைக்கிறது: சி-ஸ்பேனர் வெச்சுப் பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினா வண்டி கொஞ்சம் தாழும். தனியா போறப்ப சரி. ஆளும் லக்கேஜும் ஏறினா அடிபடும், அதனால டூர் போறப்ப பழைய அளவுக்கே திருப்பணும்.

- லோயரிங் லிங்க், கடைசியில்: பின்பக்கம் இறக்கினா முன் ஃபோர்க்கையும் அதுக்கேத்த அளவு இறக்கணும், சைடு ஸ்டாண்டைக் குறைக்கணும். கிரவுண்ட் கிளியரன்ஸ் போகும். அட்வென்ச்சர் பைக்குக்காகக் கொடுத்த காசுல பாதி அந்த கிளியரன்ஸுக்குத்தானே?

லக்கேஜில் கனமான சாமான் எப்பவும் கீழே, ரெண்டு பக்கமும் சமமா. மேல் பெட்டியில் லேசான துணிமணி மட்டும்.

இன்சூரன்ஸ்ல மாட்டிக்காதீங்க

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாத்துற கட்டமைப்பு மாற்றங்களைத் தடுக்குது. பிரிவு 182ஏ-படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். சீட் மாத்துறது அந்த ரகம் இல்லை. சேஸிஸ் வெட்டி வெல்டு வைக்கிறது நிச்சயமா அந்த ரகம். லோயரிங் லிங்க் இடையில் நிக்குது. அந்த வாதத்தை விபத்துக்கு அப்புறம் சர்வேயர்கிட்ட நடத்தாதீங்க. முன்னாடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. வெளியில் மாட்டுற கிராஷ் கார்டு, பெட்டி எல்லாத்தையும் பில்லோட சொல்லி எண்டார்ஸ்மென்ட் போடுங்க. நான் லிங்க் மாத்தினதை யார்கிட்டயும் சொல்லவே இல்லை. பெரிய விபத்து நடக்கலைங்கறது என் அதிர்ஷ்டம், திட்டமிடல் இல்லை.

என் சிம்பிள் ரூல்

பொருத்திக்கிற செலவு மொத்தம் பைக் விலையில் 5%-ஐத் தாண்டுதா? அந்த பைக் உங்களுக்கானது இல்லை. ₹2,50,000 பைக்னா ₹12,500. என் மாற்றங்களும் ரிப்பேரும் ₹18,300 ஆச்சு, கிட்டத்தட்ட 7%. அப்பவும் அது எனக்குப் பொருந்தலை.

இப்போ என்கிட்ட இருக்கறது 765 மி.மீ. பைக். போன பொங்கல் லீவுக்கு அதே ஏற்காடு, அதே டீக்கடை. பள்ளம் இன்னும் அப்படியே இருக்கு. கொஞ்சம் முன்னாடியே நிறுத்தினேன், ரெண்டு காலும் ஊன்றினேன். மனைவி இறங்குறதுக்கு முன்னாடி என் காலைத்தான் எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் இறங்கி ரெண்டு டீ சொன்னாங்க.

உங்க கால் அளவும், மனசுல இருக்கிற பைக்கும் கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில் அஞ்சு பேரோட கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். பத்திரமா ஓட்டுங்க!