மலிவுப் பலகையில் ஒரு வேலைமேசை

வீட்டிலிருந்தவாறே தையலோ எழுத்துவேலையோ செய்து நாலு காசு தேட விரும்புவோருக்கு முதலில் வேண்டியது அசையாத ஒரு மேசை. அதனைத் தேக்கிலோ முதிரையிலோ செய்விக்க எல்லோராலும் இயலுமா? இயலாதோர்க்குக் கைகொடுப்பது எம்.டி.எவ். எனப்படும் நார்ப்பலகை. மரநாரைப் பிசினுடன் கலந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஆக்கப்படும் இதில் கணுவுமில்லை, வெடிப்புமில்லை. ஆயினும் இதற்குப் பெரும்பகை ஒன்றுண்டு. அதுவே ஈரம்.

எமது அநுபவத்தையே கூறுகிறோம். முதன்முறை செய்த மேசைக்கு மேற்பக்கம் மாத்திரம் பளபளவென வர்ணம் தீட்டினோம். மார்கழி மாரியில், சுவரோரம் இருந்த விளிம்பு ஈரத்தைக் குடித்து, ஊறிய ரொட்டிபோல் உப்பிவிட்டது. உப்பிய பலகை பழைய நிலைக்கு மீள்வதில்லை. மிச்சம்பிடிக்க எண்ணிய பணமும் அத்துடன் போயிற்று.

ஆகவே, இம்முறையைக் கைக்கொள்ளுங்கள். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 18 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு பலகையில், 4 அடிக்கு 2 அடியாக நான்கு மேசைகளுக்குத் தட்டுகள் கிடைக்கும். அயலவருடன் பங்கிட்டால் செலவு குறையும். வாங்கும் இடத்திலேயே அறுப்பித்துக்கொள்வது நன்று.

அடிப்புறத்தில் நான்கு ஓரங்களிலும் நடுவிலும் 2 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்புமுள்ள சலாகைகளைப் பொருத்துக. இன்றேல் பாரத்தால் தட்டு நாளடைவில் தொய்யும். சிறுதுளையிட்ட பின்னரே ஒன்றரை அங்குலத் திருகாணியை முடுக்குதல் வேண்டும்.

இனி விளிம்புகள். மரப்பசையைச் சம அளவு நீரிற் கரைத்து இருமுறை பூசி, ஒவ்வொரு முறையும் காய்ந்தபின் மெல்லிய அரத்தாளால் தேய்த்திடுக. அப்பால் எண்ணெய் கலந்த அடிப்பூச்சை மேல், கீழ், விளிம்பு என எங்கும் பூசவேண்டும். ஒருபுறம் மட்டும் பூசினால் பலகை வளையக்கூடும். அதன்மேல் இரண்டு மூன்று தடவை எனாமல் வர்ணம் போதும். பாரமான பொருள்களை வைக்க ஒரு வாரமாவது பொறுத்திருங்கள்.

அறுப்பதும் தேய்ப்பதும் முற்றத்திலேயே நடைபெறட்டும். பலகையின் பிசினில் பெரும்பாலும் போமல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருள் உண்டு. அதன் நுண்தூளும் நெஞ்சுக்கு ஆகாது. முகக்கவசம் அணிக, குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

காண்போர் வியப்பது மேற்பரப்பையே. மேசையைக் காப்பதோ எவர் கண்ணிலும் படாத விளிம்பும் அடிப்புறமுமாகும். அங்கே செலவிடும் ஒருநாட் பொறுமையே மலிவுப் பலகையை நெடுநாள் உழைக்க வைக்கும்.