கப்பலில் இரவு உணவு: எந்தப் பந்தி, எந்த மேசை, யாருடன்?

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4 அன்று பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி, அப்பயணத்தில் உணவுக் கூடத்து மேசையில் அமர்ந்து உண்ணவே இல்லை. கத்தியும் முள்கரண்டியும் கையாண்டு பழக்கமில்லை. பட்டியலில் உள்ளவற்றுள் புலால் கலவாதது எது என்று கேட்கக் கூச்சம். ஊரிலிருந்து கொண்டுசென்ற இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு நாள்களைக் கடத்தியதாகத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

இன்றைய உல்லாசக் கப்பலில் அந்தக் கூச்சத்திற்கு இடமில்லை. அரைக்கால் சட்டையுடன் மேல்தளத்துப் பஃபேயில் தட்டை நிரப்பிக்கொண்டு எங்கேனும் அமரலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனினும் பயணக் கட்டணத்தில் அடங்கிய மிக நல்ல உணவு, முதன்மை உணவுக் கூடத்தில் இரவு வேளையில்தான் பரிமாறப்படுகிறது. அங்கே நேரமும் மேசையும் உடன் அமர்வோரும் ஒரு முறைமைக்கு உட்பட்டவை. பணம் கட்டும்போதே அம்முறைமையை அறிந்துகொள்ளாதவர்கள், ஏழு இரவுகளுக்கும் தமக்குப் பொருந்தாத நேரத்தில், பொருந்தாத மேசையில் அகப்பட்டுக்கொள்வதுண்டு.

மூவாயிரம் பயணிகள் செல்லும் கப்பலில் அனைவரையும் ஒரே நேரத்தில் அமர்த்தும் அளவுக்குக் கூடம் கட்ட இயலாது. ஆகவே நம் திருமண மண்டபங்களைப் போலவே அங்கும் பந்திதான். முதல் பந்தி மாலை 5.30 முதல் 6 மணிக்குள் தொடங்கும். இரண்டாம் பந்தி 8 அல்லது 8.30 மணியளவில். கப்பலின் அரங்கமும் இதே கணக்கில் இயங்குகிறது. முதல் பந்தியில் உண்டவர்கள் பிறகு கலைநிகழ்ச்சிக்குச் செல்வர். இரண்டாம் பந்தியினர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு உண்ண வருவர். நிலையான பந்தியைத் தேர்ந்தவர்க்குப் பயணம் முழுவதும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே பரிமாறுநர், ஒரே கூட்டாளிகள். மேசை எண் பெரும்பாலும் அறைச் சாவியாகப் பயன்படும் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இதற்கு மாற்றாக, விரும்பிய நேரத்தில் விரும்பிய மேசை என்ற ஏற்பாட்டை நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பெரிய அளவில் அறிமுகப்படுத்தியது. பின்னர் ராயல் கரீபியன் 'மை டைம் டைனிங்' என்றும், கார்னிவல் 'யுவர் டைம் டைனிங்' என்றும் பெயரிட்டு நிலையான பந்தியோடு இதனையும் சேர்த்து வழங்கத் தொடங்கின. டிஸ்னி கப்பல்களில் சுவையான ஒரு வேறுபாடு உண்டு: பயணிகள் இரவுக்கு ஓர் உணவகமாகச் சுற்றி வருவர், அவர்களுடைய பரிமாறுநர்களும் கூடவே இடம்பெயர்வர். குனார்ட் கப்பல்களில் எடுத்த அறையின் தரத்தைப் பொறுத்தே உணவுக் கூடம் அமையும். பழைய வகுப்புப் பிரிவினையின் எச்சம் என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

எது நமக்கு ஏற்றது? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பணிபுரியும் மகன், தன் பெற்றோரையும் மனைவியின் பெற்றோரையும் மயாமியிலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கரீபியப் பயணத்திற்கு அழைத்துச் செல்கிறான். மூன்று அறைகள், மூன்று பதிவு எண்கள். தந்தை இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஏழு மணிக்கு மேல் உணவைத் தள்ளிப்போட முடியாது. மகன் அறைகளை அடுத்தடுத்து எடுத்துவிட்டான். ஆனால் மூன்று பதிவுகளையும் உணவுக்காக ஒன்றோடொன்று இணைக்கச் சொல்ல மறந்துவிட்டான். கப்பல் நிறுவனத்தின் கணினிக்கு உறவுமுறை தெரியாது. பெற்றோருக்கு இரண்டாம் பந்தி, சம்பந்திகளுக்கு முதல் பந்தி, இளையவர்களுக்கு வேறெங்கோ இருவர் மேசை என்று அது பகிர்ந்துவிடக்கூடும். அறைகள் அருகருகே இருப்பதால் மேசையும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவது பலரும் செய்யும் பிழை.

எனவே முன்பதிவின்போதே மூன்று செய்திகளை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்: எந்தப் பந்தி, எத்தனை பேர் மேசை, எந்தெந்தப் பதிவு எண்களை இணைக்க வேண்டும். முதல் பந்தியை முதியோரும் குழந்தைகளோடு வருவோரும் பெரிதும் விரும்புவதால் அது விரைவில் நிரம்பிவிடும். உறுதிச் சீட்டில் பந்தியின் பெயருக்கு எதிரே காத்திருப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால், அது உறுதியாகும் வரை விடாது கேட்டுக்கொண்டிருப்பது நலம். கதிர் மறையுமுன் உண்ணும் நெறியுடைய சமணர்களுக்கும் முதல் பந்தியே வசதி. (ஜூன் மாதத்தில் அலாஸ்கா செல்வோருக்கு இக்கவலை இல்லை, ஜூனோ நகரில் அப்போது கதிர் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும்.) துறைமுகங்களில் இறங்கி மாலை வரை சுற்ற விரும்புவோருக்கு முதல் பந்தி பரபரப்பாகத்தான் இருக்கும், ஐந்து மணிக்குக் கப்பலேறி ஐந்தரைக்கு உடைமாற்றி அமர வேண்டியிருக்கும்.

இனி, அந்நியரோடு அமர்வது பற்றி. மேசைகள் இருவர், நால்வர், அறுவர், எண்மர் என்ற அளவுகளில் உள்ளன. பதின்மர் மேசையும் சில கப்பல்களில் உண்டு. இருவர் மேசைகள் குறைவு. கிடைத்தாலும் அடுத்த மேசைக்கும் நமக்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான் இருக்கும். அங்கே பேசுவது இங்கே கேட்கும், ஆனால் பேச்சில் கலந்துகொள்ளவும் முடியாது. பெரிய மேசைகளில் அமர்த்தும்போது மொழி, வயது, உடன்வருவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கருதி ஒத்தவர்களைச் சேர்க்க முயல்வார்கள். பல நாட்டவர் ஏறும் ஐரோப்பியக் கப்பல்களில் மொழிக்கே முதலிடம்.

முதன்முறை செல்லும் தம்பதியர்க்கு அறுவர் அல்லது எண்மர் மேசையையே நாம் பரிந்துரைப்போம். நால்வர் மேசை பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் எதிரே அமரும் இருவர் பேசாமடந்தைகளாக இருந்தால் ஏழு இரவும் சுமையாகிவிடும், அவர்கள் வராமலே போனாலோ வெற்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உண்ண வேண்டும். எண்மர் மேசையில் ஒருபுறம் பேச்சு அறுந்தால் மறுபுறம் திரும்பலாம். தனியே பயணம் செய்வோருக்கு இது இன்னும் பொருந்தும். கப்பல் கட்டணங்கள் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் வகுக்கப்படுவதால், தனியே செல்பவர் ஏறத்தாழ இருவர் கட்டணத்தையே செலுத்த நேரலாம். அவ்வளவு கொடுத்தும் நாளெல்லாம் பேச ஆளில்லாமல் இருப்பவருக்கு, தம் பெயரை அறிந்த ஏழு பேர் காத்திருக்கும் ஒரு மேசை சிறிய பேறன்று. சில கப்பல்களில் தனிப்பயணியர்க்கென ஒரு மேசையை ஒதுக்கித் தருமாறு கேட்டுப் பெறலாம்.

மேசை பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். இதைக் கேட்பது குற்றமன்று. கப்பல் ஊழியர்க்கு இது அன்றாட வேலை. கப்பலேறும் நாள் பிற்பகலில், உணவுக் கூட மேலாளர் இத்தகைய கோரிக்கைகளுக்காகவே குறிப்பிட்ட நேரத்தில் கூடத்தில் அமர்ந்திருப்பார். அன்றைய நிகழ்ச்சித் தாளில் அந்நேரம் குறிக்கப்பட்டிருக்கும். 'மேட்டர் டீ' என்று கேட்டால் ஆளைக் காட்டுவார்கள். நம் எடுத்துக்காட்டிலுள்ள மகன், பெட்டிகள் அறைக்கு வருமுன்பே, மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தந்தையின் நீரிழிவைச் சொன்னால் முன்னுரிமை கிடைக்க வாய்ப்புண்டு. அன்று இடமில்லையென்றாலும் மனந்தளர வேண்டாம். முதல் இரவு யார் யார் வரவில்லை, யார் பஃபேக்குப் போய்விட்டனர் என்பது தெரிந்தபின், இரண்டாம் நாளில் காலி இடங்கள் புலப்படும்.

உடன் அமர்ந்தவர்களின் காரணமாக மாற விரும்பினால், அவர்கள் முன்னிலையில் அதைப் பேசாமல், உணவு முடிந்தபின் மேலாளரைத் தனியே சந்தித்தல் நன்று. அமைதியான இடம் வேண்டும் என்றாலே அவர் புரிந்துகொள்வார். காரணத்தை விரித்துரைக்கத் தேவையில்லை.

பொது மேசைக்குச் சில மரபுகள் உண்டு. அனைவரும் வந்த பிறகே பரிமாறுநர் உணவுக் கோரிக்கைகளை எழுதிக்கொள்வார். நாம் இருபது நிமிடம் தாமதித்தால் மற்ற ஆறு பேரும் பசியோடு காத்திருப்பர், கதவும் சாத்தப்பட்டுவிடலாம். ஓரிரவு வேறிடத்தில் உண்ண எண்ணினால், முந்திய இரவே மேசையில் ஒரு சொல் சொல்லிவிடுவது போதும். பேச்சைப் பொறுத்தவரை, நம்மிடையே இயல்பான சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் ஏன் இல்லை என்னும் கேள்விகள் அமெரிக்கரையும் ஐரோப்பியரையும் திகைக்கச் செய்யும். எந்த ஊர், இது எத்தனையாவது கப்பல் பயணம், இன்று கரையில் என்ன பார்த்தீர்கள் என்று தொடங்கினால் அவர்களே மீதியைப் பேசிவிடுவார்கள்.

சைவ உணவினர்க்கு நிலையான மேசையில் பெரும் ஆதாயம் ஒன்றுண்டு. முட்டையும் கூடாது, மீன் சாறும் கூடாது என்று முதல் இரவில் ஒருமுறை விளக்கினால், அதே பரிமாறுநர் கடைசி இரவு வரை நினைவில் வைத்திருப்பார். பல கப்பல்களில் மறுநாள் உணவுப் பட்டியலை முந்திய இரவே காட்டி, வேண்டிய மாற்றங்களைக் குறித்துக்கொள்வார்கள்; பருப்பும் காய்கறிக் குழம்பும் சோறும் சமைத்துத் தரும் சமையலறைகளும் உள்ளன. விரும்பிய நேர ஏற்பாட்டில் ஒவ்வோர் இரவும் புதிய ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்தியத் துறைமுகங்களிலிருந்தே புறப்படும் கப்பலில் இக்கவலை பெரிதும் நீங்குகிறது. முன்பு ராயல் கரீபியனிடம் இருந்து, 2021 செப்டம்பர் முதல் கோர்டிலியா நிறுவனத்தின் பெயரில் மும்பையிலிருந்து செல்லத் தொடங்கிய 'எம்ப்ரஸ்' கப்பலில் சமண உணவும் கிடைக்கிறது.

பணத்திற்கு வருவோம். மேசையில் எண்மர் அமர்ந்தாலும் பொதுவான பில் என்று ஒன்று வருவதில்லை. உணவு கட்டணத்தில் அடக்கம். மதுவோ குளிர்பானமோ கேட்டவர் கணக்கில் மட்டும் ஏறும். பக்கத்திலிருப்பவர் ஒரு குப்பி ஒயின் வரவழைத்து நமக்கும் ஊற்றினால், மறுநாள் நாம் ஈடுசெய்ய வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பரிமாறுநர்க்கும் அறைப் பணியாளர்க்குமான அன்பளிப்பைப் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் நாள்தோறும் தாமாகவே கணக்கில் எழுதிவிடுகின்றன: ஆளுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். 18 டாலர் என்று கொண்டால், நால்வருக்கு ஏழு நாளில் 504 டாலர். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். விளம்பரத்தில் காணும் கட்டணத்தில் இது பெரும்பாலும் சேர்ந்திருப்பதில்லை. பானங்களின் விலைமேல் 18 அல்லது 20 விழுக்காடு தனியே உண்டு.

கப்பலில் ரொக்கம் புழங்குவதில்லை. ஏறும்போது பதிவுசெய்யும் அட்டையின்மீது, செலவுக்கு ஈடாக ஒரு தொகையை நிறுவனம் முன்கூட்டியே நிறுத்திவைக்கும். கடன் அட்டையில் இது வரம்பை மட்டும் குறைக்கும். பற்று அட்டையிலோ நம் கணக்கிலுள்ள பணமே முடங்கும். பயணம் முடிந்து சில நாள்கள் கழித்தே விடுபடலாம். வழியில் கரையில் பணம் எடுக்க எண்ணியிருப்போர் ஆகவே அதற்கு வேறொரு அட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச் 16 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியிலோ கிளையிலோ இயக்கிக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் இதைச் செய்வது எளிதன்று.

கடைசி இரவு குறித்து ஒரு செய்தி. மறுநாள் காலை இறங்குவதற்காக, பெரிய பெட்டிகளை அன்றிரவே அறை வாயிலில் வைத்துவிடச் சொல்வார்கள். இரண்டாம் பந்தியினர் உண்டு திரும்பும்போது நேரம் பத்தரையைத் தொடும் என்பதால், உணவுக்குப் போகுமுன்பே பெட்டியைக் கட்டி வெளியே வைப்போர் பலர். அவ்வாறு கட்டும்போது மறுநாள் உடுக்கும் உடை, கடவுச்சீட்டு, இன்சுலின் மூன்றும் கைப்பையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.